மெய் நகல்

மகாலில் கோர்ட்டு நடந்த காலம்.
தூண் ஒன்றைக் கட்டிப்பிடிக்க மூன்று ஆள் வேண்டும்.
மேலே புறா, கீழே கட்சிக்காரன்.
எச்சம் விழாத பிராதே கிடையாது.

வக்கீல் ஆப்புடையா பிள்ளை எழுந்தால்
பங்கா இழுப்பவன் கயிற்றை விட்டுவிடுவான்.
நான் அவர் குமாஸ்தா. மாதம் ஏழு ரூபாய்,
தீபாவளிக்கு ஒரு வேட்டி.
வாயில் வெற்றிலையோடு அவர் சொன்னதையும்
பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன்
ஜில்லாவில் நான் ஒருத்தன்தான்.

பிரஜோற்பத்தி வருஷம், நெடுங்கரை வாய்க்கால் வழக்கு.
மிட்டாதாருக்கு எங்கள் வக்காலத்து.
எதிர்க்கட்சி பதினெட்டுக் குடியானவர்கள்,
செருப்பில்லாமல், எல்லாருக்கும் ஒரே குடையோடு.
"ஓடும் தண்ணீர் ஊருக்குப் பொது என்பது பாட்டுக்குச் சரி.
கோர்ட்டுக்கு, வாய்க்கால் வெட்டியவன் யார் என்பதே கேள்வி.
வெட்டியவன் என்றால்
கூலி வாங்கியவன் அல்ல, கூலி கொடுத்தவன்."
ஜட்ஜ் துரை பேனாவைத் தொட்டார்.
முப்பத்திரண்டு பக்கம். நான்தான் நகல் எடுத்தேன்.
ஜெயித்தோம்.
படியிறங்கிய குடைக்காரன்
அந்த வெயிலிலும் குடையை விரிக்கவில்லை.

பிறகு முனிசிபல் கவுன்சில்.
கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை.
சாக்கடை என்ற சொல்லை
அவர் சபையில் உச்சரித்த அழகுக்கு
நாலு பேர் சாக்கடையைப் பார்க்கப் போனார்கள்.
விளக்குத்தூணுக்குத் தெற்கே பதினோரு விளக்கு
அவர் பிடிவாதத்தில் எரிந்தது.
எண்ணெயைச் சேவகன் திருடியது வேறு கதை.

தாது வந்தது.
வைகை மணலில் ஊற்றுத் தோண்டத் தோண்ட
ஈரம் கீழே போய்க்கொண்டே இருந்தது.
சிம்மக்கல் கஞ்சித்தொட்டியில்
அவர் பார்க்க நீண்ட ஒரு கை
தட்டோடு சாய்ந்தது.
அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.
காலையில் தீர்மானம் சொன்னார், எழுதினேன்:
மிட்டாதார் ஏரியில் இடுப்பளவு தண்ணீர் இருக்கிறது,
மடையைத் திறந்து
நெடுங்கரை வாய்க்கால் வழியே நகரத்துக்கு விடவேண்டும்.

அதே வாரம் பங்காரு நாயுடுவின் ஆள்
நெல்பேட்டைச் சந்தில் என்னை நிறுத்தினான்.
நாயுடு கவுன்சிலில் மெம்பர், மிட்டாதாருக்குச் சம்பந்தி.
பழைய கட்டிலிருந்து ஒரு நகல். எட்டு ரூபாய்.
ரூபாய்க்கு மூன்றரைப் படி அரிசி, அதிலும் கல்.
வீட்டில் ஆறு வாய்.
காரணம் சொல்லவில்லை,
கணக்குச் சொல்கிறேன்.

சபையில் நாயுடு எழுந்து வாசித்தார்.
சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.
கூலி வாங்கியவன் அல்ல, கூலி கொடுத்தவன்
என்ற இடத்தில் கலெக்டர் துரை தலையசைத்தார்.
நாலுக்கு ஏழு. தீர்மானம் தோற்றது.

பிள்ளை கையை நீட்டி
அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினார்.
என் 'ழ'வுக்கு ஒரு வால் உண்டு,
தேள் கொடுக்குப் போல் மடங்கி நிற்கும்.
அவரே கேலி செய்திருக்கிறார்.
முதல் வரியில், வழக்கு என்ற சொல்லின்மேல்
விரலை வைத்தார்.
வெகுநேரம் எடுக்கவில்லை.
அப்புறம் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வண்டியில் ஒன்றே ஒன்று கேட்டார்:
"நல்லாத்தான் வாதாடியிருக்கேன், இல்லையா?"

ஏரித் தண்ணீர் ஏரியிலேயே வற்றியது.
மறுநாள் அலமாரிச் சாவி
அதே ஆணியில் தொங்கியது. அடுத்த நாளும்.
சம்பளம் அதே ஏழு, தீபாவளிக்கு அதே வேட்டி.
திட்டியிருந்தால்
வேறு வக்கீலிடம் போயிருப்பேன்.

ஒன்பது வருஷம் கழித்து
நடுங்கும் கையால் அவரே எழுதினார் உயிலை.
முதல் சாட்சி டாக்டர். இரண்டாவது நான்.
"ஊர்ப் பேரையும் சேர்த்து எழுது" என்றார்,
கண்ணைத் திறக்காமல்.

சோழவந்தான் கூடலிங்கம்.

வாலை விட்டுவிட்டு எழுதப் பார்த்தேன்.
கை கேட்கவில்லை.
மை காயுமுன் தாளை வாங்கி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.